பொங்கல் பானையும் பட்டன் பற்றரியும்

பொங்கலண்டு கிளிநொச்சியில கரண்ட் போய் வந்தால், சேர்வர் பாக்கிற பெடியன் முத்தத்துப் பானைக்குப் பக்கத்தில நிண்டபடி போனில கத்தவேண்டியதுதான். கந்தோர்க்காரர் லீவுக்குப் போகேக்க சேர்வர் அறை ஏசியை நிப்பாட்டிப்போட்டுப் போயிடுவினம். சூடு 25 பாகை செல்சியஸுக்கு மேல ஏறுற ஒவ்வொரு 10 பாகைக்கும், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ்ஸின்ர 12 வோல்ட் ஈய பற்றரிக்கு ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் எண்டு சொன்னால் ஆர் கேக்கினம்? யூபிஎஸ்ஸையும் சேர்வரையும் இணைக்கிற யூஎஸ்பி வயர் வந்த பெட்டிக்குள்ளயே கிடக்கும். பிறகு பற்றரி முடியப்போகேக்க எப்பிடிச் சேர்வர் தானா ஒழுங்கா ஓஃப் ஆகும்? மதர்போர்ட்டில இருக்கிற சிஆர் 2032 பட்டன் பற்றரியும் செத்திருந்தால், கரண்ட் போய் வரேக்க சேர்வரின்ர மணிக்கூடு பிசகும். சேர்வரின்ர நேரமும் லொகின் பண்ணுற கொம்பியூட்டரின்ர நேரமும் வழமையா 5 நிமிசத்துக்கு மேல வித்தியாசப்பட்டால், ஆள் ஆரெண்டு சரிபாக்கிற கேர்பரோஸ் எண்ட முறை லொகின் பண்ண விடாது. "பாஸ்வேர்ட் பிழையாம் தம்பி" எண்டு கோல் வரும். பாஸ்வேர்ட் சரி அண்ணை, முதல்ல நேரத்தைப் பாருங்கோ! இஞ்ச பால் வழியுது.