தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் இலவசமா?

"நிலக்கரியைக் கைவிட, பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலரைச் சும்மா தூக்கிக் கொடுத்தன" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தொகையை அறிவித்தது உண்மை. ஆனால் 2022 நவம்பரில் வந்த முதலீட்டுத் திட்டத்தின்படி சலுகைக் கடன் (குறைந்த வட்டிக் கடன்) சுமார் 63 விழுக்காடு, வணிகக் கடன் (சந்தை வட்டிக் கடன்) 18, உத்தரவாதம் (கடன் திரும்பாவிட்டால் ஈடுகட்டும் உறுதி) 15. மானியம் வெறும் 4. உத்தரவாதமோ கைக்கு வரும் பணமே அல்ல.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய கடனில் இன்னொரு சிக்கல்: அதை அடைக்க உதவும் மின்கட்டணம் வசூலாவது உள்நாட்டு நாணயமான ராண்டில். ராண்ட் சரிந்தால் குறைந்த வட்டியின் ஆதாயம் கரைந்துவிடும்.

அங்குள்ள கோமாட்டி அனல்மின் நிலையத்தை மாற்றியமைக்க உலக வங்கி தனியாக ஒப்புதல் தந்த 49.7 கோடி டாலரிலும் மானியம் 1 கோடிதான். 2025 மார்ச்சில் அமெரிக்கா, 850 கோடியை அறிவித்த அந்த நாடுகளின் கூட்டணியிலிருந்தே விலகிவிட்டது.