ஐஸ் கட்டினாலே கேஸ் காலியா?

கத்தரி வெயில் வந்துவிட்டால் சென்னையில் ஏசி மெக்கானிக் வாயால் இதைக் கேட்காத வீடு குறைவு: "கேஸ் போயிடுச்சு சார், ஃபுல்லா அடிக்கணும்." உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸைப் பார்த்த மறுநொடியே தீர்ப்பு! ஃபில்டரைக் கழற்றுவதில்லை, காற்றைத் தள்ளும் ஃபேனான ப்ளோயருக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. ப்ரெஷர் அளக்கும் கேஜை மாட்டி, "பாருங்க, ப்ரெஷர் கம்மியா இருக்கு" என்று முள்ளைக் காட்டினால் வேலை முடிந்தது. சில ஆயிரம் ரூபாய் போச்சு.

முள் பொய் சொல்லவில்லை. அதை வைத்து முடிவு கட்டுவதுதான் அநியாயம். காயில் மேல் காற்று சரியாக ஓடாவிட்டாலும் ப்ரெஷர் இறங்கத்தான் செய்யும். ஒழுங்காக ஓடும் ஏசியில் காயில் 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும், ஈரம் தண்ணீராகி ட்ரெயினில் வடிந்துவிடும். ஆர்32 என்ற வகைக் கேஸில், கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்து ப்ரெஷர் (சக்‌ஷன் ப்ரெஷர்) சுமார் 100 பிஎஸ்ஐக்கு இறங்கினால் காயில் 0 டிகிரிக்கு வந்துவிடும். அப்புறம் வடிய வேண்டிய ஈரம் அங்கேயே உறைகிறது. அந்த ஐஸ் மிச்சக் காற்றையும் அடைக்கிறது, காயில் இன்னும் குளிர்கிறது, ஐஸ் இன்னும் ஏறுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஐஸும் அழுக்குமாக இருக்கும் ஏசியில் ப்ரெஷர் பார்த்து என்ன பிரயோஜனம்? முதலில் கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட்டு உருக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் குத்தாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள். தெருத்தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால்தான் சரி. ஃபில்டர் பளிச்சென்று இருந்தும் காற்று வராவிட்டால் ப்ளோயர் இறக்கைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் குழிவிலும் கறுப்பாக அப்பியிருக்கும். அதோடு சுற்றினால் சத்தம் வரும், காற்று வராது. காயிலில் சொருகிய, அதன் குளிரை அளக்கும் சென்சார் சர்வீஸின்போது நழுவியிருந்தாலும், உறையும் நேரத்தில் கம்ப்ரஸரை நிறுத்த ஆள் இல்லை.

இதையெல்லாம் சரிபார்க்காமல் கேஸை ஏற்றினால்? பிறகு ஃபில்டரைக் கழுவிக் காற்று சரியாக ஓடும் நாளில் அளவுக்கு மிஞ்சிய கேஸ் கம்ப்ரஸரைத்தான் பதம் பார்க்கும்.

நிஜமாகவே கேஸ் குறைந்தால் அடையாளம் வேறு. பெரும்பாலும் காயில் முழுக்க உறையாது. கேஸ் நுழையும் பக்கம் மட்டும் வெள்ளை பூத்திருக்கும், வெளி யூனிட்டில் சேரும் இரண்டு பைப்பில் மெல்லியதிலும் ஐஸ் தெரியும். அப்போதும் "வருஷா வருஷம் போடணும்" என்பவரை நம்பாதீர்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருளே இல்லை. குறைந்தால் எங்கோ லீக். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் காயிலை அரித்துவிடும். மற்ற இடங்களில் முதல் சந்தேகம் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட் மேல். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். அடுத்து பம்ப் வைத்துப் பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு "ஏர் எடுத்தாச்சு" என்பதெல்லாம் வேக்குவம் ஆகாது, பைப்பில் ஈரம் தங்கிவிடும்.

எத்தனை கிராம் கேஸ் என்பது வெளி யூனிட் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கிறது. சிலிண்டரை எடைபோடத் தராசு கொண்டு வராதவரை கேஸ் ஏற்றும் வால்வில் கைவைக்க விடாதீர்கள்.