மேல்தளத்து வீட்டில் ஒரு மே மாத இரவு

சென்னையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில், மேற்குப் பார்த்த படுக்கையறை உள்ள வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு நாற்காலியில் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த வேட்டியைத் தொட்டது போலச் சுடும். அந்த நேரத்தில் வெளியே தெருவில் கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும். மொட்டைமாடிக்குப் போனால் இதமாக இருக்கும். வீட்டுக்குள் வந்தால் மட்டும் வேர்க்கும். மின்விசிறியை வேகமாக வைத்தால் கூரையை ஒட்டி நிற்கும் வெப்பக் காற்றைத்தான் அது இழுத்து நம் மேல் இறக்குகிறது.

பசுமைக் கட்டிடம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், மே மாத இரவில் அதன் மேல்தளத்தில் இருப்பவர் ஏசி இல்லாமல் உறங்க முடிய வேண்டும் என்பதைத்தான் முதல் இலக்கணமாகச் சொல்வேன். சூரியத் தகடு, கழிவுநீர் சுத்திகரிப்பு, மின்வாகனத்துக்கு மின்னேற்றும் வசதி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நம் ஊரில் அவை அனைத்தும் இதற்குப் பிறகு வர வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்தபடி செல்கிறது. ஆகவே கோடை முழுவதும் வெயிலை அதிகமாக வாங்குவது கூரை. அதற்கு அடுத்தபடியாகப் பாதிக்கப்படுவது மேற்குச் சுவர், ஏனென்றால் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் வருவதால், சன்னலுக்கு மேலே நாம் போடுகிற ஒன்றரை அடி சன்ஷேடு அதைத் தடுப்பதே இல்லை. மேற்கு வெயிலைத் தடுக்க ஒரு மரம் வேண்டும், அல்லது செங்குத்தான மறைப்பு வேண்டும், அல்லது படிக்கட்டையும் குளியலறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கையறையை வேறு திசையில் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. வரைபடம் தாளில் இருக்கும்போது யோசித்தால் போதும்.

ஆனால் அப்போது யாரும் யோசிப்பதில்லை. எங்கள் கட்டிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்க வீட்டுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே திருப்பிப் போட்டு மேற்குப் பக்க வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு குடும்பத்துக்குக் காலை வெயில் படும் இரண்டு படுக்கையறைகளும், எங்களுக்கு மாலை வெயிலில் காயும் இரண்டு படுக்கையறைகளும் கிடைத்தன. வீடு வாங்கும்போது நானும் வாஸ்து பார்த்தேன், பத்திரம் பார்த்தேன், வில்லங்கச் சான்றிதழ் பார்த்தேன். வெயில் எங்கே விழும் என்று மட்டும் பார்க்கவில்லை. தென்மேற்கு மூலையில் குடும்பத் தலைவரின் படுக்கையறை அமைய வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. இருபத்துநான்கு அங்குலக் கனத்தில் மண்சுவரும் முன்னால் ஆழமான தாழ்வாரமும் இருந்த காலத்தில் அந்த அறை குளுமையாகவே இருந்திருக்கலாம். ஒன்பது அங்குலச் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட இன்றைய அடுக்குமாடியில் மாலை ஆறு மணிக்கு மிகச் சூடாக இருக்கும் இடங்களில் அந்த மூலையும் ஒன்று.

கான்கிரீட் கூரையின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி, நான்கைந்து மணி நேரம் தாமதித்து அந்த வெப்பத்தை அடியில் இருக்கும் அறைக்குள் விடுகிறது. மதியம் இரண்டு மணியின் வெப்பம் மாலை ஏழு மணிக்கு உள்ளே வந்து சேர்கிறது. பிறகு நள்ளிரவு தாண்டியும் வந்துகொண்டே இருக்கிறது. பகலெல்லாம் வெளியே உழைத்தவர் வீடு திரும்பிக் கண்ணயரும் நேரமும் இந்த வெப்பம் இறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் துயரம்.

இதே ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இன்னும் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டமாகக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பல அங்குலக் கனத்தில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். பல அங்குலம் கனத்த செங்கல், சுண்ணாம்பு அடுக்குகளைத் தாண்டி வெப்பம் கீழே இறங்குவது எளிதல்ல. கான்கிரீட் வந்த பிறகும் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்ற அந்த மேல்பூச்சு மட்டும் வெதரிங் கோர்ஸ் என்ற பெயரில் நெடுங்காலம் தொடர்ந்தது. இப்போது கட்டப்படும் பல குடியிருப்புகளில் அதுவும் மெலிந்து, ஒரு சிமென்ட் பூச்சும் ஓடும் மட்டுமே மிஞ்சியிருப்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். எங்கள் மாடியில் ஓர் ஓடு பெயர்ந்தபோது அடியில் ஜல்லி எங்கே என்று தேடினேன். இரண்டு விரல் கனத்தில் சாம்பல் நிறக் கலவை மட்டுமே இருந்தது.

மத்திய அரசு 2018 டிசம்பரில் குடியிருப்புக் கட்டிடங்களுக்கென ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்றும், கூரையின் வெப்பக் கடத்தல் அளவு, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் வரையறுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு எதுவும் இல்லாத வெற்றுக் கான்கிரீட் தளம் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். இந்த விதித்தொகுப்பு வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கே அது பொருந்தும் என்று 2018-இல் வகுத்ததில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலும் 446 சதுர மீட்டர்தான். சென்னையின் நடுத்தர வர்க்கம் குடியிருக்கிற எட்டு வீடு, பத்து வீடு அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு கிரவுண்டு மனையில் எழுந்தவை. வெப்பத்தால் மிகவும் அவதிப்படும் கட்டிடங்களே இந்த வரையறைக்குள் வராமல் நழுவிவிடுகின்றன. இந்த எல்லையைக் குறைக்க மாநிலங்களுக்கு இடமிருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை வரை அதைக் கீழே கொண்டுவர வேண்டும், கட்டிட அனுமதிக்கான வரைபடத்திலேயே கூரையின் அடுக்குகள் என்னென்ன என்பதைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்தின் அனுபவமே விடை. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு எல்லாக் கட்டிடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கியபோது, சிறிய வீடுகளால் இதெல்லாம் ஆகுமா என்று பலரும் கேட்டார்கள். ஓட்டு வீட்டிலிருந்து பங்களா வரை குழாய் இறங்கியது. பராமரிப்பில் பிற்பாடு சுணக்கம் வந்தது உண்மைதான். 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இருந்தாலும் கூரையில் விழும் மழைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை ஓர் அவசரச் சட்டம் எல்லா வீடுகளுக்கும் கற்றுக்கொடுத்தது. கூரையில் விழும் வெயிலுக்கும் அதே போல ஒரு கணக்கு வேண்டும். பக்கத்துத் தெலங்கானா 2023-இல், வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது.

பசுமைச் சான்றிதழ் பெற்ற கட்டிடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல், லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டிட மதிப்பீட்டில் மிக உயர்ந்ததான பிளாட்டினம் தகுதி பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் கட்டிடம் அதுதான். அதன் நடுமுற்றம் நம் பழைய கட்டிட அறிவிலிருந்து வந்தது; அதுவும் புல் வளர்த்த கூரையும் பாராட்டுக்குரியவை. ஆனால் அதன் பிறகு நம் நகரங்களில் பரவியது முற்றம் அல்ல, கண்ணாடிதான். இந்த மதிப்பீடுகளில் மின்சாரத்துக்கான புள்ளிகள் பெரும்பாலும், குளிரூட்டப்படும் ஒரு மாதிரிக் கட்டிடத்தைவிட எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிறது என்ற ஒப்பீட்டில் கிடைக்கின்றன. ஏசி ஓடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்கும் கணக்கு அது. அலுவலகங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம்; வீடுகளுக்குப் பொருந்தாது. இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டுக் குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி அப்போது நாட்டில் அறை ஏசி வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 8 விழுக்காடு மட்டுமே. ஆனால் 2037-38-க்குள் குளிரூட்டலுக்கான தேவை ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று அதே திட்டம் கணிக்கிறது. அந்த எட்டு மடங்கும் கூரையின் வெப்பத்தோடு மல்லுக்கட்டும் இயந்திரங்களாக வந்து சேரப் போகின்றனவா என்பதுதான் என் கவலை. ஏசி ஒவ்வொன்றும் அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. எங்கள் கட்டிடத்துக்கும் பக்கத்துக் கட்டிடத்துக்கும் இடையே பத்தடி கூட இல்லை. அந்தச் சந்தில் பதினொரு ஏசிகளின் வெளிப்பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து அனல் ஊதுகின்றன. கீழ்த்தளத்தில் ஏசி இல்லாத வீட்டில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் மாலையில் சன்னலைத் திறக்கவே முடியவில்லை என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே குற்ற உணர்வு ஏற்படுகிறது, ஏனென்றால் அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் உழைப்பவர்களுக்கு நிழலும் குடிநீரும் கிடைக்க இது உதவும். ஆனால் பகலில் உடம்பில் ஏறிய வெப்பம் இரவில் தணிந்தாக வேண்டும்; தணியவிடாமல் செய்யும் வீடும் இந்தப் பேரிடரின் ஒரு பகுதி என்று பார்க்கத் தொடங்க வேண்டும். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. சில ஆண்டுகளில் எளியவர்களின் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளை பூசும் பணியும் அதனோடு சேர்ந்துகொண்டது.

வெள்ளை பூசுவது என்னவோ மிகச் சிறிய வேலைதான். அழுக்கேறிய கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். போன ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி இதைச் செய்தோம். அனுபவமுள்ள ஒரு கொத்தனார் ஐயா வந்தார். மாலையே ஒரு பெரிய டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்து அடங்கும் வரை எங்களைக் கிட்டே விடவில்லை. அப்போதே அடித்துவிடலாமா என்று கேட்டதற்கு, “ஊறணும் தம்பி, ஊறாம அடிச்சா முத மழையிலேயே போயிடும்” என்றார். மறுநாள் விடியற்காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளைச் சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து, கூட்டிக் கழுவிய தரையில் தேங்காய் நார்த் தூரிகையால் இரண்டு கை அடித்தார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு எழுநூறு ரூபாய் கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம் இரவு பத்து மணிக்குப் படுக்கையறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைத்தேன். முந்தைய ஆண்டு நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளோடு ஒப்பிட்டால், வெளியே ஏறத்தாழ ஒரே வெப்பம் இருந்த நாட்களில் உள்ளே சுமார் மூன்று டிகிரி குறைந்திருந்தது. நல்ல காற்று இருந்த இரவுகளில் ஏசி போடாமல் உறங்கினோம். இது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மேற்குச் சுவர் இன்னும் சுடுகிறது. புழுதி படிந்து ஓர் ஆண்டிலேயே வெள்ளை மங்கிவிட்டது. ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். நண்பகலில் மாடிக்குப் போனால் கண் கூசுகிறது. மாடித் தோட்டம் வைத்தாலும் சூரியத் தகடு வைத்தாலும் கூரைக்கு நிழல் கிடைக்கும். ஆனால் நீர்க்கசிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மேற்குச் சுவருக்காக இந்த ஆண்டு ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறோம். பங்குனியில் பழைய இலை உதிர்ந்து, சித்திரை வெயில் ஏறும் நேரத்துக்குப் புதுத் தழை அடர்ந்துவிடும் மரம் அது. மதில் ஓரமாக நாலடிக்கு நாலடி கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்துத்தான் அதற்கு மண் காட்ட முடிந்தது, ஏனென்றால் கட்டிடத்தைச் சுற்றி ஓர் அங்குலம் கூட விடாமல் தளம் போட்டிருந்தார்கள். கன்று இப்போது என் இடுப்பளவு இருக்கிறது. முதல் மாடி சன்னலை எட்ட நான்கைந்து ஆண்டுகள், எங்கள் சன்னலுக்கு நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்று கொத்தனார் ஐயா சொன்னார். இந்த ஏப்ரலிலும் சுண்ணாம்பு அடிக்க அவரையே அழைத்திருக்கிறோம். பக்கத்துக் கட்டிடத்தின் மேல்தளத்துக் குடும்பமும் அன்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறது.