முதல் பதில் யாருடைய வேலை?

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கட்டற்ற மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) திட்டத்துக்கு ஒரு மாணவர் ஒரு திருத்தம் அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். தமிழ் ஆவணங்களில் சொல் தேடும் பகுதியில் எங்களுக்கு ஒரு பழைய தலைவலி இருந்தது. "தொகை" என்று தேடினால் சில கோப்புகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. திறந்து பார்த்தால் இரண்டிலும் அதே "தொகை"தான் இருக்கும்.

காரணம் இதுதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் வைக்கலாம். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகள் சிலவற்றில் இரண்டாவது வகை இருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. தேடும் சொல், கோப்பில் உள்ள சொல் இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட வேண்டும். அவர் அனுப்பியது அந்த ஒரு வரிதான். கூடவே திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஒரு சின்ன டெஸ்ட், ஏன் இப்படி நடக்கிறது என்று நான்கு வரி விளக்கம். படிக்கவே சந்தோஷமாக இருக்கும், அவ்வளவு தெளிவு.

இருபத்தாறு நாள் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

நான் அதை இரண்டாவது நாளே பார்த்தேன். அந்தப் பகுதியை எழுதிய மூத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒருங்கிணைப்பில் இருக்கும் நான் பார்ப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இருபத்தேழாம் நாள் எங்களில் ஒருவர் எழுதியது ஒரே வரி: முதன்மைக் கிளையில் நிறைய மாறிவிட்டது, ரீபேஸ் செய்து (திருத்தத்தைப் புதிய நிரலோடு பொருத்தி) மறுபடி அனுப்பவும். நன்றி என்ற சொல்கூட இல்லை. அந்த மாணவர் திரும்பி வரவில்லை. ஒரு வருடம் கழித்து வேறொருவர் அதே வரியை எழுதி அனுப்பினார். அதைச் சேர்க்கும்போதுதான் பழைய பட்டியலில் இவருடையது கிடப்பது கண்ணில் பட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். புதிதாக வருகிறவருக்கு முதல் பதில் சொல்ல, பெயர் குறித்து ஒரு ஆளை வைக்காத திட்டம் மாணவர்களைக் கூப்பிடக் கூடாது. ஆள் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கலாம், அதில் தப்பில்லை. கூப்பிட்டுவிட்டு வாசலில் நிற்க வைப்பதுதான் தப்பு.

"தன்னார்வம்தானே, யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் பார்க்கட்டும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்பார்கள். தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க எத்தனை பேர் வந்தாலும், சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை போடுகிறவர்கள் சிலபேர்தான். இன்னார் இன்ன சக்கரம் என்று முதலிலேயே பேசி வைத்திருப்பார்கள். வீதி முனையில் தேர் திரும்புவது அவர்கள் கையில் இருக்கிறது. மென்பொருள் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் செய்வது அந்த வேலை.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் வந்த இஷ்யூக்களை, அதாவது பிழைப் புகார்களையும் கேள்விகளையும், திறந்து படிப்பேன். பதில் இல்லாமல் கிடப்பவற்றுக்கு, விடை தெரியாவிட்டாலும், "பார்த்துவிட்டேன், புதன்கிழமைக்குள் இன்னார் சொல்வார்" என்று எழுதுவேன். எழுதிவிட்டு அந்த இன்னாருக்கு போன் போடுவேன். அப்புறம் புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து அடையாளம் போடுவேன். "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்று லேபிளை மட்டும் ஒட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. எந்தக் கோப்பில் இருக்கிறது, எப்படி ஓட்டிப் பார்ப்பது, எது நடந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், இந்த மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றை ஒழுங்காக எழுத அரை மணி நேரம் ஆகும். அந்தப் பிழையை நானே பத்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம், உண்மைதான். ஆனால் நான் சரி செய்தால் பிழை மட்டும்தான் போகும்.

இந்த வேலை கமிட் வரலாற்றில், அதாவது நிரல் மாற்றங்களின் பதிவில், எங்கேயும் தெரியாது. வருடக் கடைசியில் யார் எத்தனை வரி எழுதினார்கள் என்று வரைபடம் போடும்போது ஒருங்கிணைப்பவர் பெயர் அடியில் இருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. நிரல் அல்லாத பங்களிப்பையும் பெயரோடு பதிவு செய்ய "ஆல் கான்ட்ரிபியூட்டர்ஸ்" என்று ஒரு முறை இருக்கிறது. ஆவணம் எழுதியவர், கேள்விக்குப் பதில் சொன்னவர், வழிகாட்டியவர் என எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். எங்கள் திட்டத்தில் அதைக் கொண்டுவர நான் சண்டை போட வேண்டியிருந்தது. அந்தச் சண்டைக்காக வருத்தப்படவில்லை.

இனி மாணவர்கள் பக்கம். போன பருவத்தில் ஒரு நாள் இரவு பதினொன்று நாற்பதுக்கு எனக்குத் தனிச்செய்தி ஒன்று வந்தது. "மேம், ஒரு சின்ன டவுட். குரூப்ல கேக்க பயமா இருக்கு." முதலாண்டு முடித்த பெண். அவர் கணினியில் டெஸ்ட் ஓட்டினால் எல்லாம் தோற்கிறது, தமிழ் எழுத்துக்குப் பதில் குப்பையாக வருகிறது, தான்தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து மூன்று நாளாக நிறுவுவதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறார். முன்பெல்லாம் "பொதுவில் கேளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். விதி சரியான விதிதான். ஆனால் அதைக் கேட்ட பலர் பொதுவிலும் கேட்கவில்லை, என்னிடமும் மறுபடி கேட்கவில்லை.

இந்தமுறை, "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கேள்விய எழுதுவோம்" என்றேன். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இவ்வளவுதான் கேட்டேன். "இங்கிலீஷ் தப்பா இருந்தா என்னக்கா பண்றது?" என்றார். மேம் எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. தமிழிலேயே எழுதுங்கள், தேவைப்பட்டால் நான் கீழே ஆங்கிலத்தில் போடுகிறேன் என்றேன். எழுதினார். மறுநாள் மதியத்துக்குள் மூன்று பேர் "எனக்கும் இதேதான்" என்று சொன்னார்கள். பார்த்தால், நாங்கள் பைத்தான் நிரல்மொழியில் கோப்பைத் திறக்கும் இடங்களில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் குறிப்பிடவே இல்லை. லினக்ஸில் அது தானாகவே சரியாகிவிடும், விண்டோஸில் ஆகாது. எங்களில் யாரும் விண்டோஸ் வைத்திருக்கவில்லை. மாணவர்களில் பாதிக்கு மேல் விண்டோஸ் மடிக்கணினிதான். அதுவரைக்கும் எத்தனை பேர் "நமக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிட்டு ஓசையில்லாமல் போனார்களோ. தப்பு எங்களுடையது, குற்ற உணர்ச்சி அவர்களுக்கு.

நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டால் திட்டு வாங்கிய பழக்கம்தான் அவர்கள் நாக்கைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது வழிகாட்டியின் முதல் வேலை, நிரல் சொல்லித் தருவது அதற்கு அப்புறம்.

மூத்தவர்கள் தாங்களாகவே ஒரு அடி இறங்கி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பைத்தான் மொழியிலேயே உதாரணம் இருக்கிறது. அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2015இல் பைகான் என்ற பைத்தான் மாநாட்டில், மொழியைப் பராமரிக்கும் மையக் குழுவில் பெண்கள் வர வேண்டும், தேவைப்பட்டால் நானே பயிற்சி தருகிறேன் என்று மேடையில் சொன்னார். மரியட்டா விஜயா என்ற நிரலாளர் அவருக்கு எழுதினார். 2017இல் மையக் குழுவின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். அவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு புதியவர் எழுதத் துணிந்ததற்குக் காரணம், "என்னிடம் கேளுங்கள்" என்று அவர் முதலில் சொல்லியிருந்தார்.

இலங்கையில் இன்னொன்று. மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் வேலை செய்ய கூகுள் உதவித்தொகை தந்த கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அமெரிக்காவின் பெரிய பெயர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். இதன் பின்னணியில் நான் பார்ப்பது ஒன்று. 2004 டிசம்பர் சுனாமி வந்த சில நாட்களிலேயே இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் கூடி சஹானா என்ற நிவாரண ஒருங்கிணைப்பு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்பதையெல்லாம் பதிவு செய்ய அது உதவியது. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கம், பிலிப்பைன்ஸ், ஹெய்ட்டி என்று பல இடங்களுக்குப் போனது. கட்டற்ற மென்பொருள் என்றால் நம் ஊர்த் துயரத்துக்கு நாமே எழுதுவது என்று கண்முன் பார்த்த தலைமுறை அது. அண்ணனும் அக்காவும் விண்ணப்பித்த வழியைப் பார்த்துத் தம்பியும் தங்கையும் விண்ணப்பித்தார்கள் என்பது என் கணிப்பு.

நம் கல்லூரிகளில் இப்போது நடப்பது வேறு மாதிரி. சான்றிதழ் வேண்டும், எண்ணிக்கை வேண்டும். 2020 அக்டோபரில், கட்டற்ற திட்டங்களுக்குப் பங்களிக்கத் தூண்டும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற இணைய நிகழ்வில் என்ன ஆனது என்று நினைவிருக்கும். நான்கு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டால் டி-ஷர்ட் என்றார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் "அமேஸிங் ப்ராஜெக்ட்" என்று ஒட்டி உலகம் முழுக்க அனுப்பித் தள்ளினார்கள், அதில் நம் நாட்டு மாணவர்கள் நிறைய. சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாணவர்களைக் கேலி செய்து நிறைய எழுதினார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். யாரோ ஒரு வீடியோவில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று காட்டினார்கள், வேறு மாதிரி காட்ட யாரும் பக்கத்தில் இல்லை.

இப்போது மாணவர்கள் அனுப்புவது ஏஐ எழுதித் தரும் விண்ணப்ப முன்மொழிவுகள். வார்த்தை அழகாக இருக்கும், எங்கள் திட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தாலும் பொருந்தும். தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதினைந்து நிமிடம் போனில் பேசுவேன், இந்த வரி ஏன் இங்கே வந்தது என்று கேட்பேன். பத்தில் இரண்டு பேருக்கு அந்த அழைப்பில்தான் உண்மையான ஆர்வம் வெளியே வரும். ஆனால் பதினைந்து நிமிடத்தை எத்தனை பேருக்குத் தர முடியும்? அதனால் ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கல்லூரி முதல்வரே கேட்டாலும்.

வழிகாட்டிகளும் மனிதர்கள்தான். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஒரு சுருக்கும் கருவியை வருடக்கணக்காக ஒரே ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனநலம் சரியில்லை என்று அவரே சொன்ன பிறகும் சீக்கிரம் செய் என்று நெருக்கினார்கள். உதவுகிறேன் என்று பொறுமையாக வந்த ஒருவருக்கு அவர் நிரலை மாற்றும் உரிமை கொடுத்தார், அந்தக் கணக்கின் வழியாகத்தான் பின்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி, உள்ளே போனது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால் தப்பித்தோம். இதைக் கேட்டுவிட்டுப் புதியவர்களைச் சந்தேகப்பட வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பட்டது, அந்த மனிதரை அத்தனை வருடம் தனியாக விட்டோமே என்பதுதான்.

அந்தத் திருநெல்வேலி மாணவரின் பெயரை, "தொகை" திருத்தத்தைச் சேர்த்த கமிட்டில் இணை ஆசிரியராகப் போட்டேன், மன்னிப்புக் கேட்டு ஒரு மடலும் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இந்தப் பருவத்துக்கு இரண்டு மாணவர்களை எடுக்கிறோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வரும் கேள்விகளைப் படித்து, 48 மணி நேரத்துக்குள் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்தால் போதும், உங்கள் பெயர் வெளியீட்டுக் குறிப்பில் வரும். முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.