10 விநாடி போதவில்லை
கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் பழைய தியேட்டரை 'உள்ளபடி' காட்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதில் எனக்குச் சந்தேகம். எங்கள் ஊர் தியேட்டரை இடிக்கும் முன் கோடாக் ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு உள்ளே எடுத்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 விநாடி ஷட்டரைத் திறந்து வைக்கச் சொன்னது, அப்படியே கொடுத்தேன். கழுவிப் பார்த்தால் ஒரே இருட்டு, கதவுக்கு மேலிருந்த பல்பு மட்டும் ஒரு புள்ளியாக. மங்கல் வெளிச்சத்தில் நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பதியும் திறன், குறைந்துவிடும். கோடாக் அட்டவணைப்படி 50 விநாடி கொடுத்திருக்க வேண்டுமாம். அடுத்த ரோலில் படம் வந்தது. சரி, ஆனால் மெரூன் திரைச்சீலையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பல். ஜப்பானிய புகைப்படக் கலைஞர் சுகிமோட்டோ தியேட்டர்களுக்குள் முழு சினிமாவும் ஓடும்வரை ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தவை அழகுதான், அவற்றிலும் திரை வெறும் வெள்ளை. எங்கள் பால்கனிப் படிக்கட்டு மூலையின் வெற்றிலை எச்சில் சிவப்பு, என் படத்தில் மழை ஒழுகிய கறை மாதிரி இருக்கிறது.