'டென்னஸி விஸ்கி' 2015இல் பிறந்த பாட்டு அல்ல

"கன்ட்ரியில் சோல் இசையைக் கலந்த முதல் ஆல்பம் அமெரிக்கப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் 'டிராவலர்' (2015), அதில் வரும் 'டென்னஸி விஸ்கி'யும் அவரே எழுதியது" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். (கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட இசை; சோல் என்பது அங்குள்ள கறுப்பின மக்களின் உருக்கமான இசை.) ரெண்டுமே தப்பு. அந்தப் பாட்டை எழுதியவர்கள் டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும். 1981இல் டேவிட் ஆலன் கோ பாடினார், அப்புறம் 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் பெரிய ஹிட் ஆனது. ஸ்டேபிள்டன் செய்தது, நேரான கன்ட்ரிப் பாட்டாக இருந்ததை மெதுவாக்கி, சோல் பாடகி எட்டா ஜேம்ஸின் 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டு நினைவுக்கு வரும்படி சோல் பாணியில் இழுத்து இழுத்துப் பாடியது. அது சாதாரண வேலை இல்லை, நானே அந்தக் குரலுக்கு அடிமைதான்.

ஆனால் 'முதல்'? 1962லேயே சோல் பாடகர் ரே சார்ல்ஸ் கன்ட்ரிப் பாடல்களை மட்டும் எடுத்து ஒரு முழு ஆல்பம் போட்டார். ஹாங்கி டாங்க் என்னும் மதுக்கூடங்களில் ஒலித்த, கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டுகளுக்குக்கூட அதில் டிரம்பெட் மாதிரியான பிராஸ் வாத்தியங்கள் முழங்கும், அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. சரி, சோலை விட்டுவிட்டு, கன்ட்ரியை ராக்கோடு கலந்த பக்கம் பார்த்தாலும், 1968இல் பாடகர் கிராம் பார்சன்ஸோடு பேர்ட்ஸ் என்ற ராக் குழு, ஒரு பகுதியைக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்ப் பதிவு செய்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' இருக்கிறது.