கோட்டு கேட்டால் ஆடு வரும்

ஆங்கில உச்சரிப்பு வகுப்பு என்று எங்கே போனாலும் முதல் நாளே நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டச் சொல்கிறார்கள். ‘திங்க்’, ‘தேங்க்ஸ்’ எல்லாம் அப்படித்தான் வரவேண்டுமாம். என்னைக் கேட்டால் அது கடைசி வாரப் பாடம். நம் ‘த’வையே போட்டாலும் பெரிதாகக் குழப்பம் வராது. விமானிகளுக்கான சர்வதேச விதியே, ரேடியோவில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஆயிரத்தை ‘டௌ-ஸண்ட்’ என்றும் சொல்லச் சொல்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே அந்த ஒலி இல்லாமல் வேலை நடக்கிறது.

தாய்மொழி வேறாக உள்ளவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்தப் பிழை புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்த மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-ல் ஒரு பட்டியல் கொடுத்தார். அதிலும் இந்த ஒலி கட்டாயமில்லை. கட்டாயம் என்று அவர் வைத்தவற்றில் இரண்டு, நாம் சறுக்கும் அதே இடங்கள்.

ஒன்று, காற்று. மேலங்கியும் ‘கோட்’, ஆடும் ‘கோட்’. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலேயர் காது, சொல்லின் தொடக்கத்தில் தொண்டை அதிர்கிறதா என்று அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பின்னால் காற்று வருகிறதா என்றுதான் பார்க்கிறது. காற்று வராவிட்டால் ஆடு. டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் தொங்கவிடுங்கள். ‘படம்’, ‘பல்’ சொன்னால் தாள் சும்மா இருக்கும். ஆங்கிலப் ‘பென்’னுக்கு அது துள்ள வேண்டும். ‘பேப்பர்’ என்றால் முதல் ‘ப’வுக்கு மட்டும், இரண்டாவதற்கு அழுத்தமும் வேண்டாம், இரட்டிப்பும் வேண்டாம். ‘ஸ்பூன்’, ‘ஸ்கூல்’ போல ‘ஸ்’ஸுக்குப் பின் வந்தால் காற்றே கூடாது. இதைப் புதிதாகக் கற்றவர்கள் எல்லா இடத்திலும் ஊதித் தள்ளுவார்கள், ஜாக்கிரதை.

இரண்டு, சொல்லின் முடிவு. தொப்பியும் ‘கேப்’, வாடகைக் காரும் ‘கேப்’. பையும் ‘பேக்’, முதுகும் ‘பேக்’. கடைசி மெய்யோடு மல்லுக்கட்டிப் பயனில்லை; வித்தியாசம் உயிரில் இருக்கிறது. தொப்பியில் உயிரைச் சட்டென்று வெட்ட வேண்டும். காரில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீட்ட வேண்டும், கடைசி மெய் லேசாக உதட்டில் பட்டால் போதும். நாம் செய்வது நேர்மாறு: இரண்டையும் ஒரே அளவில் சொல்லி, போதாக்குறைக்குக் குற்றியலுகரத்தைச் சேர்த்து ‘கேப்பு’ என்று முடிக்கிறோம். ஓரசைச் சொல் ஈரசை ஆகிவிடுகிறது.

‘ட’ பற்றிச் சுருக்கமாக: நம் ‘ட’, ‘ண’ பிறக்கும் இடத்தில் பிறக்கிறது. ஆங்கில ‘ட’வுக்கு ‘ன’வின் இடம். ‘மன்’ என்று சொல்லி நாக்கை எடுக்காமல் அங்கிருந்தே ‘டீ’யைத் தொடங்குங்கள். டொரொன்டோ நகரை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைக் கிண்டல் செய்கிறவர்கள், இந்த ஒலி விஷயத்தில் அவர்கள் நம்மைவிட அருகில் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

ஜென்கின்ஸோடு எனக்கு உடன்பாடில்லாத இடம், சொல்லழுத்தம்; அதாவது சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது. வகுப்பில் கற்றுத்தர முடியாது என்று அதை விட்டுவிட்டார். விதிக்குள் அடங்கும் சொற்களே ஏராளம். ‘-இக்’, ‘-இட்டி’, ‘-ஷன்’ என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் விழும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். ‘ஃபோட்டோகிராஃபி’ இரண்டாவதில், அப்போது முதல் அசை தேய்ந்து ‘ஃபடாக்ரஃபி’ என்றே கேட்கும். நாம் எல்லா அசைக்கும் சம மரியாதை தருகிறோம், அல்லது முதல் அசையிலேயே குத்துகிறோம்: ‘டெவலப்’, ‘கமிட்டி’, ‘ஹோட்டல்’. மூன்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். அகராதியில் அழுத்தும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். பொருளைப் பார்க்கும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

போனில் 15, 50 சொல்லும்போது மட்டும் அழுத்தத்தை நம்ப வேண்டாம். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று பிரித்துச் சொல்வதே நல்லது.

சரிபார்க்க ஆள் வேண்டியதில்லை. போனில் குரல் தட்டச்சை பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்; இந்திய ஆங்கிலத்தில் வைத்தால் நம் பழக்கத்துக்கு அது இணங்கிப் போய்விட வாய்ப்புண்டு. வாக்கியமாகச் சொன்னாலும் சூழலை வைத்து ஊகித்துவிடும். ஒற்றைச் சொல்லாக ‘கோட்’ என்று பத்து முறை சொல்லி, எத்தனை முறை ஆடு வருகிறது என்று எண்ணுங்கள்.